மேலக்குன்றத்தின் பதினேழாம் நாள்

ரொம்பக் காலத்துக்கு முன்னால் மேலக்குன்றம் என்ற சீமையை முத்துவிசயன் என்ற ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்பதைவிடத் துக்கம் காத்துவந்தார் என்பதே சரி.

அந்தச் சீமையில் யார் வேண்டுமானாலும் துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். சந்தைக்குப் போனாலும் தோளில் துப்பாக்கி, சம்பந்தம் பேசப் போனாலும் தோளில் துப்பாக்கி. வாய்த்தகராறு முற்றினால் டமார்! குண்டடிபட்டு யாராவது செத்தால் அரண்மனை பதினாறு நாள் துக்கம் காக்க வேண்டும். துக்க நாளில் சட்டம் பேசக் கூடாது. இது அந்தச் சபையின் மரபு. பதினாறு முடிவதற்குள் இன்னொருவன் செத்துவிடுவான். மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். மூன்று வருஷமாக இதே கூத்து!

ராஜாவுக்கோ வேறு கவலை. துக்கம் காக்கும் வீட்டில் பாயசம் கிடையாது. "இந்த ஜனங்கள் ஏன் இப்படி ஓயாமல் செத்துத் தொலைக்கிறார்கள்?" என்று சமையற்காரன் மேல் எரிந்து விழுவார். இவரிடம் போய் என்னத்தைச் சொல்ல!

அப்படியிருக்க, பொரிக்காரி ஆவுடைத்தாய் ஒருநாள் சபைக்கு வந்தாள். சந்தையில் எந்த வண்டி முன்னால் போவது என்று இரண்டு பேர் அடித்துக்கொள்ள, ஓரமாக உட்கார்ந்து பொரி அளந்துகொண்டிருந்த அவள் புருஷன் மேல் குண்டு பாய்ந்தது. அவன் செத்து அன்றைக்குப் பத்தாம் நாள். அவன் கையிலிருந்த பித்தளைப் படியை அவள் இடுப்பில் வைத்திருந்தாள்.

"மகாராசா, வெள்ளிக்கிழமை தேரோட்டம். நானும் எம் பொண்ணுக ரெண்டு பேரும் தேரடியில கடை போட்டாத்தான் கஞ்சி. கூட்டத்துக்குள்ள துப்பாக்கி வரக் கூடாதுன்னு ஒரு உத்தரவு போடுங்க. வேற ஒண்ணும் கேக்கல."

படைத்தலைவர் தளவாய் சூரங்குடியார் துள்ளி எழுந்தார். தோளில் சிவப்புப் பட்டுச் சால்வை. துப்பாக்கிப் பட்டறைக்காரர் சங்கம் ஒவ்வொரு பொங்கலுக்கும் சபைப் பெரியவர்களுக்கு அனுப்பும் சால்வை அது.

"அம்மா, உன் துயரத்தில் எங்கள் நெஞ்சும் வேகிறது. ஆனால் இது அழுகிற நேரம், சட்டம் பேசுகிற நேரமல்ல" என்றார். பக்கத்திலிருந்தவர் எழுந்து அதையே சொன்னார். அதற்கு அடுத்தவரும் அதையே சொன்னார். ஆளுக்கொரு சால்வை, எல்லாருக்கும் சேர்த்து ஒரே பேச்சு.

"அழுகிறதை நான் பாத்துக்கிறேன் சாமி. நீங்க உத்தரவைப் பாருங்க" என்றாள் ஆவுடைத்தாய்.

தளவாய்க்குக் கோபம் வந்துவிட்டது. "துப்பாக்கி தானாகவா சுட்டது? சுட்டவன் மனுஷன்! உன் புருஷன் கையில் படிக்குப் பதில் துப்பாக்கி இருந்திருந்தால் பிழைத்திருப்பான். எல்லார் கையிலும் இருந்தால் எல்லாரும் மரியாதையாக நடப்பார்கள்!"

"அதுவும் சரிதான்" என்றார் ராஜா. கடைசியாக யார் பேசினாலும் அவருக்கு அதுவும் சரிதான்.

அமைச்சர் திருமலைக்கொழுந்து மெல்ல எழுந்தார். மூன்று வருஷமாக அதே உத்தரவை எழுதிய ஓலையைக் கையில் வைத்துக்கொண்டு அலைந்து சலித்த மனிதர். ஓலையில் பாதியைச் செல் அரித்துவிட்டது.

"தளவாய் சொன்னது நூற்றுக்கு நூறு, மகாராஜா. அப்படிப்பட்ட பாதுகாப்பு நம் சபைக்கு மட்டும் ஏன் இல்லை? வருகிறவர்களின் துப்பாக்கியை வாசலிலேயே வாங்கி வைத்துவிடுகிறோமே! நாளைக்குக் குறை கேட்கும் நாள். எல்லாரும் துப்பாக்கியோடு உள்ளே வரட்டும்."

"அதுவும் சரிதான்!" என்றார் ராஜா. தளவாய்க்குத் தர்மசங்கடம். தான் சொன்னதைத் தானே எப்படி மறுப்பது?

மறுநாள் நாற்பது பேர் வந்தார்கள். தளவாயிடம் வயலைப் பறிகொடுத்தவன், வரிக்காக மாட்டை இழந்தவன், அரண்மனை யானை மிதித்த கரும்புத் தோட்டத்துக்காரன். ஒவ்வொருவன் கையிலும் துப்பாக்கி. ஒவ்வொருவனும் குனிந்து கும்பிட்டான். மரியாதைக்குக் குறைவே இல்லை. சால்வைக்காரர்களில் பாதிப் பேருக்கு அன்று காலையிலிருந்து வயிற்றுவலி. மீதிப் பேர் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, குறையைக் கேட்பதற்கு முன்பே "உங்கள் பக்கம்தான் நியாயம்" என்றார்கள்.

கடைசியில் நின்ற ஆவுடைத்தாய் கையிலிருந்த படியை நழுவவிட்டாள். கல்தரையில் டணார் என்று சத்தம்!

ராஜா சிம்மாசனத்துக்கு அடியில் பாய்ந்தார். அங்கே ஏற்கெனவே தளவாய் இருந்தார்.

"மன்னிக்க வேண்டும் மகாராஜா, இங்கே ஒருவருக்குத்தான் இடம்" என்று முனகியவர், "காவலர்களே! எல்லாத் துப்பாக்கியையும் பிடுங்குங்கள்!" என்று அலறினார்.

"ஏன் பதறுகிறீர், தளவாய்? துப்பாக்கி தானாகச் சுடாதே" என்று சொல்லிவிட்டு, அமைச்சர் கொழுந்து கண்ணைக் காட்டினார். நாற்பது பேரும் துப்பாக்கியைக் கவிழ்த்தார்கள். குழலிலிருந்து பொரி கொட்டியது.

"வெடிமருந்துக்குப் பதிலாக இந்த அம்மா கடைப் பொரியைத்தான் அடைக்கச் சொன்னேன், மகாராஜா. ஒரு படி விழுந்த சத்தத்துக்கே இந்தப் பாடு. உங்கள் குடிகள் சந்தைக்குப் போகிற ஒவ்வொரு நாளும் இந்தப் பயத்தோடுதான் போகிறார்கள்."

ராஜா தவழ்ந்து வெளியே வந்தார். முகம் சிவந்திருந்தது. "ஓலையைக் கொடும்!"

"மகாராஜா, துக்கம் முடிய இன்னும் ஐந்து நாள்... மரபு..." என்று இழுத்தார் தளவாய்.

"ராஜாவுக்கு ஒதுங்க இடம் கொடுக்காத நீர் மரபு பேசுகிறீரா?"

அந்த இடத்திலேயே முத்திரை விழுந்தது. சந்தையிலும் திருவிழாவிலும் இனித் துப்பாக்கி கிடையாது. தேரோட்டத்தன்று வீதி முனையில் வெறுங்கையோடு நின்று, வருகிறவர்களின் துப்பாக்கியை வாங்கி வைக்கும் வேலை தளவாய்க்கு. சிவப்புச் சால்வைகள் துப்பாக்கி மூட்டை கட்டப் போயின. கொழுந்துக்கு முத்துமாலை போட வந்தார் ராஜா. "முத்திரையே போதும், மகாராஜா. வீட்டுக்குப் போய்த் தூங்குகிறேன்" என்றார் அவர்.

தேர் ஓடியது. யாரும் சாகவில்லை. மூன்று வருஷத்தில் முதல்முறையாக மேலக்குன்றத்தில் பதினேழாம் நாள் விடிந்தது. ராஜா வயிறு முட்டப் பாயசம் குடித்தார். குடித்த சந்தோஷத்தில் ஒரு தூக்குப் பாயசத்தோடு ஆவுடைத்தாய் வீட்டு வாசலுக்கே போய் நின்றார்.

மகள்களுக்காக அதை வாங்கிக்கொண்ட ஆவுடைத்தாய், "அந்த முத்திரையைக் குத்த எம்புட்டு நேரம் ஆச்சு, மகாராசா?" என்று கேட்டாள்.

"கண்ணிமைக்கிற நேரம்தான்!" என்றார் ராஜா பெருமையாக.

"அதைப் பதினேழு நாளைக்கு முன்னாடி குத்தியிருக்கலாமே, சாமி."

யார் எதைச் சொன்னாலும் அதுவும் சரிதான் என்கிற ராஜா, அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு அரண்மனைக்குத் திரும்பினார்.