ராஜாவுக்கு மட்டும் பாட்டில்லை

மேடைக்கு வரும் பாத்திரம், தான் யாரென்று பாடிக்கொண்டேதான் வர வேண்டும். அந்தக் காலத்து இசை நாடகத்தில் இது யாரும் மீறாத வழக்கம். கட்டியக்காரன் பாடுவான், வண்ணாத்தி பாடுவாள், திருடன்கூடப் பாடிவிட்டுத்தான் திருடுவான்.

நாடக ஆசான் வைரவ அண்ணாவி எழுதியவற்றில் ராஜா வேஷம் மட்டும் பாடாமல் வந்தது. வந்து நிற்கும், நாலு வசனம் பேசும், போய்விடும்.

எட்டு நாடகம் வரை யாரும் இதைக் கவனிக்கவில்லை. ஒன்பதாவது அரங்கேறப் போகிற சமயத்தில் யாரோ ஒரு புண்ணியவான் சமஸ்தானத்து ராஜாவின் காதில் போட்டுவிட்டான். அதோடு அவர் நிம்மதி போயிற்று. நம்மைக் கேலி செய்கிறானா? பக்கத்துச் சமஸ்தானத்தான் தூண்டிவிட்டானா? அண்ணாவியின் சீடர் தாண்டவமூர்த்தியை வரவழைத்தார்.

"எனக்குக் காரணம் தெரியணும். தெரியலைன்னா நாடகமும் கிடையாது, உங்க அண்ணாவிக்கு இந்த ஊரும் கிடையாது."

தாண்டவமூர்த்தி குருவைவிட இரண்டு வயது மூத்தவர். இப்போது அவருக்கும் சந்தேகம் தொற்றிக்கொண்டது. குரு ஏட்டைப் புரட்டினால் எட்டிப் பார்த்தார். யாரோடு பேசினாலும் தூணுக்குப் பின்னால் நின்று கேட்டார். ஒன்றும் அகப்படவில்லை. இப்படி வேவு பார்ப்பது அவருக்கே அருவருப்பாக இருந்தது. கடைசியில் நேராகவே கேட்டுவிட்டார்.

"அண்ணாவி, நீங்க அரண்மனைச் சமையல்கட்டுல பிறந்து வளர்ந்தவர். அந்தக் கோபமா ராஜா மேலே?"

"இந்தக் கேள்வி உம்முடையதா, அவருடையதா?"

தாண்டவமூர்த்தி ராஜா போட்ட நிபந்தனையைச் சொல்லிவிட்டார்.

"சரி, அவரையே வரச் சொல்லும்."

மறுநாள் காலை ராஜா வந்தார். அண்ணாவி அவரை மேடைத் திரைக்குப் பின்னால் அழைத்துப் போனார்.

"வேஷக்காரன் மேடைக்கு வருமுன்னே நிக்கிற இடம் இது, மகாராஜா. காரணம் தெரியணும்னா ஒரு நாழிகை நீங்க இங்கே தனியா இருக்கணும். நீங்களே கூப்பிட்டாலும் யாரும் வரக்கூடாதுன்னு உங்க வாயாலேயே உத்தரவு போடணும்."

ராஜா இடுப்புக் கத்தியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேஷப் பெட்டிகளைத் திறந்து, உள்ளே ஆள் இல்லை என்று பார்த்தார். பிறகு உத்தரவு போட்டார்.

குருவும் சீடரும் வெளியே நின்றார்கள்.

"யாரங்கே!"

யாரும் போகவில்லை.

"யாரங்கே!" இந்த முறை குரல் உயர்ந்தது. மூன்றாம் முறை கொஞ்சம் உடைந்தது.

தாண்டவமூர்த்தி திரையை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். "போதும் அண்ணாவி. தலை போயிடும், உள்ளே போயிடலாம்."

"இரும்."

வெகுநேரம் சத்தமே இல்லை. அப்புறம் உள்ளேயிருந்து மெல்லிய முனகல் வந்தது. ராஜா பாடிக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம் சங்கீதம் படித்த தாண்டவமூர்த்திக்கு அது பிடிபடவில்லை.

"என்ன ராகம் இது?"

"ராகமெல்லாம் இல்லை. எங்க சமையல்கட்டுப் பொம்பளைங்க மாவு இடிக்கும்போது பாடுவாங்க." அண்ணாவிக்குக் கண் நிறைந்துவிட்டது. "சின்ன வயசுல இவரும் அங்கே வந்து நின்னு கேட்டிருக்கார். எனக்குத் தெரியாமப் போச்சே!"

நாழிகை முடிந்தது. ராஜா வெளியே வந்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாளைக்கு நாடகம் நடக்கட்டும்" என்றார். விறுவிறுவென்று போய்விட்டார்.

தாண்டவமூர்த்திக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"ஒரு நாடகத்திலயாவது ராஜாவுக்கு நீங்களா ஒரு பாட்டைக் கட்டிப் போட்டிருக்கலாமே! இவ்வளவு சந்தேகமும் வந்திருக்காதே!"

"அடுப்படி வரைக்கும் அவர் குரல் கட்டளையாத்தானே வந்தது" என்றார் அண்ணாவி. "காதுல விழுந்ததைத்தான்யா நான் எழுத முடியும்."