காலையில் இருக்கும் அப்பச்சி

"ஒரு விடுகதை போடுறேன். கேட்க முடியுற நேரத்துல கேட்கத் தோணாது. கேட்கத் தோணுற நேரத்துல கேட்க முடியாது. அது என்ன?"

குன்றின் அடிவாரத்து மடத்தில், மங்கையர்க்கரசி அம்மையார்தான் இப்படிக் கேட்டார். சாம்பாருக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். சுற்றி உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் "வரம்" என்றார். இன்னொருவர் "கடவுள்" என்றார். அம்மையார் இரண்டுக்கும் இல்லையென்று தலையை ஆட்டிவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார்.

வைரவனும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். அவருக்குத் தூக்கம் கண்ணைச் சுழற்றியது. அறுபதைத் தொடப்போகிறவர். அம்மையாரைவிட வயதில் மூத்தவர். ஆனாலும் பல வருஷமாக அவருக்குச் சீடர்.

மற்றவர்கள் எழுந்து போனதும் அம்மையார் கேட்டார்.

"உங்க அப்பச்சி எப்படி இருக்கார்?"

வைரவன் வீட்டில் தந்தையை அப்பச்சி என்றுதான் கூப்பிடுவார்கள்.

"காலையில ராஜா மாதிரி இருக்கார்மா. பேப்பர் படிக்கிறார். காப்பியில சீனி கூடன்னு திட்டுறார். விளக்கு வைக்கிற நேரம் வந்தா, 'யாருடா நீ, என் வீட்டுல என்ன பண்றே'ன்னு என்னையே கேட்கிறார். அப்புறம் விடிய விடிய நடை."

"நேத்தும் அப்படித்தானா?"

"நேத்து தங்கச்சி உண்ணாமலை போன் பண்ணினா. 'இவன் எனக்குச் சோறு போடுறதில்லை, பெட்டிச் சாவியைத் திருடிட்டான்'னு அவகிட்டச் சொல்லிட்டார். அவ அழுதுகிட்டே, 'அண்ணே, அப்பச்சியை என்னதான் பண்றே?'ன்னு கேட்கிறா. சாவி அவர் இடுப்பு வேட்டியிலேதான் செருகியிருந்துச்சு."

"அவகிட்டச் சொன்னீங்களா?"

"சொன்னேன். நம்பின மாதிரி தெரியலை."

அம்மையார் அடுத்த துண்டை எடுத்தார்.

"சித்திரையில ஒருநாள் அவரே சொன்னார்மா. 'வக்கீலைக் கூட்டிட்டு வா. வீடு யாருக்கு, நான் யார்கிட்ட இருக்கணும், ஆஸ்பத்திரியில எதுவரைக்கும் பார்க்கணும், எல்லாம் சொல்லிடுறேன்'னார். இப்ப என்ன அவசரம்னு தட்டிக் கழிச்சிட்டேன்."

"ஏன்?"

"காலையிலதான் அவர் பழைய அப்பச்சியாக் கிடைக்கிறார். அந்த நேரத்துல போய் உயிலைப் பத்திப் பேச வாய் வருமா? பேசியே ஆகணும்னு சாயங்காலம் மனசு துடிக்குது. அப்ப அவர் இருக்கிறதில்லை."

கத்தி ஒரு கணம் நின்றது. பிறகு நகர்ந்தது.

"அது மட்டுமில்லைம்மா. பெத்தவர்கிட்ட எழுதி வாங்குறது என்ன முறை? நம்பிக்கை இல்லாத இடத்துலதானே எழுத்து வேணும்?"

அம்மையார் உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். மடத்துச் சமையலைப் பார்த்துக்கொள்ளும் சிவகாமி ஈரக் கையோடு வந்து நின்றாள்.

"சிவகாமி, எங்க அம்மாவுக்கு வந்த மறதி எனக்கும் வந்தா, உன்னை நான் என்ன சொல்லுவேன்?"

"திருடின்னு சொல்லுவீங்க. போன வாரம்தான் தேங்காயைக் காணோம்னு ஒத்திகை பார்த்தீங்களே."

வைரவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

"அப்ப ஊர் யார் பேச்சை நம்பும்?"

"உங்க பேச்சைத்தான். நான் துணிமணியை மூட்டை கட்ட வேண்டியதுதான்."

"சரி போ, ரசம் பொங்குது."

சிவகாமி உள்ளே ஓடினாள். அம்மையார் குரலைத் தாழ்த்தினார்.

"போன தை மாசமே டாக்டரையும் வக்கீலையும் உட்கார வெச்சு எழுதிட்டேன். கடைசிவரைக்கும் என்னைப் பார்த்துக்க வேண்டியவ சிவகாமி. நான் பின்னால எவ்வளவு கத்தினாலும் அவளை அனுப்பக் கூடாது."

"அவ மேல நம்பிக்கை இருந்தா எதுக்கும்மா எழுத்து?"

"அவ மேல முழுசா இருக்கு" என்றார் அம்மையார். "பின்னால எனக்குள்ள வரப்போற அந்தக் கிழவி மேலதான் இல்லை."

வைரவன் எழுந்து வீட்டுக்குக் கிளம்பினார்.

அன்று இரவும் அப்பச்சி நடந்தார். வைரவனும் பின்னாலேயே நடந்தார்.

மறுநாள் காலையில் அப்பச்சி தெளிவாக இருந்தார். "என்னடா, மூஞ்சி வாடிக் கெடக்கு? ராத்திரி தூங்கலையா?" என்றார். தன் தட்டிலிருந்து ஒரு இடியாப்பத்தை எடுத்து மகன் தட்டில் வைத்தார்.

"சாப்பிடு. ஆறிடும்."

வைரவன் அதைச் சாப்பிட்டார். முற்றத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இப்படியே இருந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

"அப்பச்சி, சித்திரையில வக்கீலைக் கேட்டீங்களே."

"கேட்டேன். நீதான் காதுல வாங்கலை."

வைரவன் கை கழுவினார். முதலில் உண்ணாமலைக்கும் பிறகு வக்கீலுக்கும் போன் செய்தார். இரண்டு பேரையும் அடுத்த நாள் காலையில் வரச் சொன்னார்.