பூஜ்ஜியத்துக்குப் பக்கத்தில் ஒரு பெயர்

"அஞ்சு தடவை நின்னீங்க. அஞ்சு தடவையும் தோத்தீங்க. ஆறாவது எதுக்கு, தோழர்?"

கேட்டவர் ரெமி, ரயில் வேலையிலிருந்து ஓய்வுபெற்றவர். கேள்வி ஒதெத்துக்கு. அந்த அம்மாள் அவரைவிட ஆறு வயது இளையவர், காப்பீட்டு அலுவலகத்தில் தட்டச்சர். தொழிலாளர் ஆட்சி வேண்டும் என்று பிரான்சின் ஜனாதிபதித் தேர்தலில் விடாமல் நிற்பவர். தேர்தல் முடிந்த மறுநாள் காலை ஒழுங்காக வேலைக்கும் போய்விடுவார். அந்தப் பிடிவாதத்துக்கு மயங்கித்தான் ரெமி சீடரானார். முதல் தேர்தலிலிருந்து அவர்தான் கார் ஓட்டுகிறார்.

ஒதெத் வரைபடத்தில் ஒரு மலையூரைத் தொட்டுக் காட்டினார்.

பிரான்சில் ஜனாதிபதித் தேர்தலில் நிற்பதற்கே ஐந்நூறு கையெழுத்து வேண்டும். அதுவும் மேயர் போன்ற பதவியில் இருப்பவர்களுடையது. கையில் இருந்தது நானூற்றுத் தொண்ணூற்றொன்பது. மறுநாள் கெடு.

"ஊரே சிரிக்குது. எனக்கு வெட்கமா இருக்கு தோழர். கிடைச்சாலும் சரி, கிடைக்காட்டியும் சரி, சாயங்காலம் கார் சாவியைக் கொடுத்துடறேன்."

"சரி. இப்ப வண்டியை எடுங்க."

அந்த மலையூரின் மேயர் தொழுவத்தில் பால் கறந்துகொண்டிருந்தார்.

"எங்க ஊர்ல உங்களுக்கு எத்தனை ஓட்டுன்னு தெரியுமா, மேடம்?"

"ஒண்ணு. அஞ்சு தடவையும் ஒண்ணுதான்."

"அது எங்கம்மா. ஊர் முழுக்கச் சொல்லிட்டுத்தான் போடுவாங்க. இந்தப் பனிக்காலத்துல போயிட்டாங்க."

ரெமி தொப்பியைக் கழற்றினார். ஒதெத்துக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் கையெழுத்துக்காக நீட்டிய தாளை அவர் மடக்கவில்லை.

"போயிடலாம் தோழர்," என்றார் ரெமி மெல்ல.

மேயர் எழுந்தார். "முதல் சுற்றுல நீங்க தோத்ததும், ரெண்டாவது சுற்றுல எங்க கட்சிக்குப் போடச் சொல்லி ஒரு வார்த்தை பேசுங்க. இப்பவே கையெழுத்துப் போடறேன்."

"மாட்டேன்."

"அப்ப இந்தத் தடவை இங்க உங்களுக்குப் பூஜ்ஜியம்தான்."

"எழுதிக்குங்க. ஆனா பூஜ்ஜியம்னு எழுதணும்னாலும் பக்கத்துல என் பேர் இருக்கணும்ல? அதுக்குத்தான் வந்திருக்கேன்."

மேயர் கையைத் துடைத்தார். தாளை வெகுநேரம் முறைத்தார்.

"எங்கம்மாவும் இப்படித்தான், சொன்ன பேச்சு கேட்க மாட்டாங்க," என்று முனகிக்கொண்டே மாட்டின் முதுகில் தாளை வைத்துக் கையெழுத்திட்டார்.

காரில் ஏறியதும் ஒதெத் கையை நீட்டினார்.

"சாயங்காலம் ஆயிடுச்சு. சாவியைக் கொடுங்க, தோழர்."

ரெமி வண்டியைக் கிளப்பினார்.

"கொடுத்துட்டா ஏழாவது தடவைக்கு யார் ஓட்டறது?"