நாவல் மரத்துக்கு ஒரு வேலி

தென்காசிப் பக்கம், மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லம். அதை நடத்தியவர் வடிவம்மை. அவருக்கு ஒரு சீடர் உண்டு, இசக்கியப்பன். குருவைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவர். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்று ஞானம் தேடி வந்தவர் கையில் வடிவம்மை மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்.

"இங்க பறவைகள் வரணும், அண்ணாச்சி. நம்ம மண்ணுல வளர்ற மரமா வையுங்க."

சொன்ன சொல் தட்டாதவர் இசக்கியப்பன். குரோட்டன்ஸையும் புல்தரையையும் பிடுங்கிப் போட்டார். கொன்றை, அத்தி, நுணா என்று பார்த்துப் பார்த்து நட்டார். ஜன்னல்களுக்கு எதிரே நாவல் வைத்தார். சில வருடங்கள் கழித்து, அந்த ஆனி மாதம்தான் நாவல் முதல்முறையாகப் பழுத்தது.

அந்தப் பழத்தை அவர் நம்பியிருந்ததற்குக் காரணம் இருந்தது. இல்லத்துக்கு அந்தத் தை மாதம் வந்தவர் கோமதிநாயகம். மனைவி இறந்த பிறகு மகன் கொண்டுவந்து விட்டிருந்தார். வந்த நாளிலிருந்து சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். பேச்சில்லை. பாதிச் சாப்பாடு தட்டோடு திரும்பிவிடும். இந்த மனிதர் இப்படியே போய்ச் சேர்ந்துவிடுவாரோ என்று இசக்கியப்பனுக்குப் பயமாக இருந்தது. ஜன்னலில் ஒரு பறவை கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார் என்று நினைத்தார்.

ஆனால் சாயங்காலம் கறுத்துத் தொங்கும் பழம் காலையில் இருப்பதில்லை. உதிர்ந்து கிடப்பதும் இல்லை. ஒருநாள் விடியுமுன் போய் ஆடாதோடைப் புதர் மறைவில் உட்கார்ந்தார்.

திருடர்கள் கூட்டமாக வந்தார்கள். ஒருவர் கைத்தடியால் கொப்பை வளைத்தார். மூட்டுவலி என்று படியேறாத மீனாட்சியம்மாள் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார். இசக்கியப்பன் வந்த கோபத்தில் மிச்சப் பேரைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. நேரே குருவிடம் போனார்.

"அம்மா, நாவலைச் சுத்தி வேலி போடணும்."

"ஏன்?"

"பறவைக்கு வச்ச பழத்தை நம்ம ஆட்களே திங்காங்க."

"யார் யாரு?"

"எல்லார் முகமும் தெரியலை."

"வாங்க, பார்த்துருவோம்."

காலை இட்லிக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். வடிவம்மை நடுவில் போய் நின்றார்.

"எல்லாரும் நாக்கை நீட்டுங்க."

கொஞ்சம் தயங்கி, ஒவ்வொருவராக நீட்டினார்கள். அத்தனையும் ஊதா.

"சர்க்கரைக்கு நல்லதும்மா" என்றார் ஒருவர்.

"எனக்குச் சர்க்கரை கிடையாது. வந்துரக் கூடாதுல்லா" என்றார் மீனாட்சியம்மாள்.

வடிவம்மை கோமதிநாயகத்தின் அறைக்கு நடந்தார்.

"இவர் எதுக்கும்மா? இவர்தான் கட்டிலை விட்டு இறங்கவே மாட்டாரே" என்றார் இசக்கியப்பன்.

வடிவம்மை கட்டிலருகே போய்க் குனிந்தார். "நாக்கை நீட்டுங்க, பெரியவரே."

கோமதிநாயகம் மெல்லத் திரும்பினார். நீட்டினார். எல்லாரையும்விட அவர் நாக்குதான் கறுத்திருந்தது.

இசக்கியப்பன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். "எப்ப எழுந்திரிச்சீரு?"

"மேல் கொப்புல ஒரு குக்குறுவான் குருவி இருக்கு. விடிஞ்சும் விடியாம ஒரே கத்தல். மனுஷன் தூங்க வேண்டாமா? விரட்டலாம்னு கம்பை எடுத்துட்டுப் போனேன்."

"விரட்டினீரா?"

"போன இடத்துல பழத்தைப் பார்த்தேன்."

"அப்ப பறவைக்கு?"

"நீரு மேல பார்க்கலையா? கைக்கு எட்டுறது எங்களுக்கு. எட்டாதது அதுக்கு. மேல் கொப்பை ஒருத்தரும் தொடுறது இல்லை." பெரியவர் எழுந்து உட்கார்ந்தார். "இட்லி ஆறிப்போச்சா?"

இசக்கியப்பன் கோபத்தைத் தேடிப் பார்த்தார். அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. இருந்தது சந்தோஷம்தான். அறைக்கு வெளியே வந்ததும் குருவின் பக்கம் திரும்பினார்.

"அம்மா, உங்களுக்கு இது முன்னாடியே தெரியுமா?"

வடிவம்மை நாக்கை நீட்டினார். ஊதா.

"நீங்க ஒருத்தர்தான் பாக்கி, அண்ணாச்சி."