நேரே இரண்டாம் ஆண்டு

மெக்கானிக்கல் டிப்ளமா முடித்த செல்லக்கனி, நேரடியாக இரண்டாம் ஆண்டு பொறியியலில் சேரப் போனாள். சேர்க்கைக்குக் கடைசி நாள். அரசாங்கமே திறந்துவிட்ட வழிதான்; ஆனால் தாளாளர் ரத்தினவேல் விட வேண்டுமே!

"பிளஸ் டூ கிடையாது, முதல் வருஷம் கிடையாது, எடுத்த எடுப்பிலேயே ரெண்டாம் வருஷமா? அடிப்படியை மிதிக்காம மேல ஏறின ஒரு ஆளை இந்தக் காலேஜ்ல காட்டு. சீட் தாறேன்."

மூலையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த கல்லூரி நிறுவனர், "சேர்த்துக்கிடுங்க மாப்பிள்ளை" என்றார்.

"நீங்க சும்மா இருங்க மாமா."

செல்லக்கனி மாமனாரைப் பார்த்தாள், மருமகனைப் பார்த்தாள். பணிவாகக் கேட்டாள்.

"சார், நீங்க இங்க முதல்ல என்ன வேலையில சேர்ந்தீங்க?"

"வேலையா? வந்த அன்னைக்கே தாளாளர்!" நெஞ்சை நிமிர்த்தினார்.

"அப்போ ஆளைக் காட்டிட்டேன் சார்."

காபி கொண்டுவந்த பியூன் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். நிறுவனர் பேப்பரை மடித்தார்.

"மாப்பிள்ளை, இந்தப் பிள்ளை மூணு வருஷம் லேத் மெஷின் முன்னால நின்னுட்டு வந்திருக்கு. நீங்க ஒரு முகூர்த்தம் மணவறையில உட்கார்ந்துட்டு வந்தீங்க. கையெழுத்தைப் போடுங்க."

போட்டார். செல்லக்கனி வராந்தாவுக்கு வந்தாள். வீட்டுக்கு போன் போட்டாள்.

"அம்மா, சீட் கிடைச்சிட்டு! இந்த வழியில எனக்கு முன்னாலயே ஒருத்தர் ஏறியிருக்காரு."