நனைந்த முடிச்சு

பட்டாளத்தில் பதினேழு வருடம், பள்ளிக்கூட நிர்வாகத்தில் இருபத்திரண்டு வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் கதிர்வேலனார். ஊருக்கு அவர் பட்டாளத்து ஐயா. அதே பள்ளியில் பியூனாக இருந்த பொன்னுரங்கத்துக்கு அவர்தான் குரு. ஓய்வுக்குப் பிறகும் பொன்னுரங்கம் தினமும் காலையில் வந்து அவர் எதிரில் உட்கார்ந்துவிடுவார்.

அன்று வந்தவர் உட்காரவில்லை.

"டிராயிங் வாத்தியாருக்கு ரொம்ப முடியலையாம் ஐயா. இன்னிக்கோ நாளைக்கோங்கிறாங்க. என்னைப் பார்க்கணும்னு ஆள் விட்டிருக்கார். போகணுமா?"

"அவர்மேல உனக்கு என்ன?"

"தெரியாத மாதிரி கேக்குறீங்களே!"

ஊரறிந்த கதைதான். பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஒரு சுதந்திர தினம். பொன்னுரங்கம் கட்டிய கொடி, விருந்தாளி எவ்வளவு இழுத்தும் விரியவில்லை. கீழே இறக்கவும் முடியாமல் கப்பியில் சிக்கிக்கொண்டது. அறுநூறு பிள்ளைகள் முன்னால் டிராயிங் வாத்தியார் கேட்டார்: "என்னப்பா, கொடிக்குத் தாலி கட்டிட்டியா?" மைதானமே சிரித்தது. முடிச்சை இறுக்கி வைத்ததும் அந்த ஆள்தான் என்று பொன்னுரங்கம் அன்றே முடிவு கட்டினார். பிறகு அந்தத் தெருவையே மிதிக்கவில்லை.

ஐயா உள்ளே போய் ஒரு கயிறும், துண்டும், ஒரு கை சாமந்தி இதழும் கொண்டுவந்தார்.

"கட்டு."

பொன்னுரங்கத்தின் கை எதையும் மறக்கவில்லை. சன்னல் கம்பியில் மாட்டி ஐயா ஒரு சுண்டு சுண்டினார். துண்டு விரிந்தது, பூ கொட்டியது.

"பார்த்தீங்களா! என் முடிச்சு என்னை ஏமாத்தாது."

"திரும்பக் கட்டு."

கட்டினார். ஐயா ஒரு செம்புத் தண்ணீரை அதன்மேல் ஊற்றினார். நாளிதழை எடுத்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை படித்து முடித்தார்.

"இப்ப இழு."

வரவில்லை. கையில் சுற்றிக்கொண்டு இழுத்தார். முடிச்சு கல்லாகியிருந்தது.

"அன்னிக்குக் கொடியை எப்போ கட்டினே?"

"முதல் நாள் சாயங்காலமே. காலையில அவசரப்படக் கூடாதுன்னு..."

"விடியக்காலையில?"

பொன்னுரங்கத்துக்கு நினைவு வந்தது. மழை. நாற்காலிகளின் ஈரத்தைத் துடைத்ததே அவர்தான்.

"உங்களுக்கு எப்போ தெரியும் ஐயா?"

"அன்னிக்கே. மூணு தடவை சொல்ல வந்தேன். அவர் பேரை எடுத்ததும் எழுந்து போயிட்டே."

பொன்னுரங்கம் தலை குனிந்தார். ஆனாலும் விடவில்லை.

"தாலின்னு சொல்லிச் சிரிச்சாரே. அதுவும் மழையா?"

"இல்லை. அது அவர்தான்." ஐயா கேட்டார்: "கடைசியில கொடி எப்படி விரிஞ்சது?"

பொன்னுரங்கம் ஐயாவின் காலைப் பார்த்தார். அன்று ஐம்பத்தொரு வயதில் ஐயா, பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு, குண்டு துளைத்த காலோடு அந்த வழுக்குக் கம்பத்தில் ஏறினார். உச்சியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு முடிச்சைப் பல்லால் அவிழ்த்தார். பூவெல்லாம் அவர் தலையில் கொட்டியது. சிரித்த மைதானம் மூச்சுவிடாமல் நின்றது. பத்தொன்பது வருடமாகச் சிரிப்பை மட்டுமே காதில் வைத்திருந்தோமே!

"நீங்க ஏறினீங்க ஐயா."

"நீங்கல்லாம்?"

"கீழே நின்னு இழுத்தோம்."

"இழுக்க இழுக்க?"

"இறுகிச்சு."

ஐயா அந்த ஈர முடிச்சை எடுத்துப் பொன்னுரங்கத்தின் உள்ளங்கையில் வைத்தார்.

"வாத்தியார் வீட்டுப் படி கொடிக்கம்பத்தைவிட உயரமா, பொன்னுரங்கம்?"