தாகத்தின் அளவு

காத்திருக்கக் காத்திருக்க வளரும். எந்தப் படியாலும் அளக்க முடியாது. அது என்ன? யோசித்துக்கொண்டே கேளுங்கள்.

ஊர் பஸ் நிறுத்தத்தில் தண்ணீர்ப் பந்தல் வைக்க ஏழாம் வகுப்பு மாணவர்கள் திட்டம் எழுதினார்கள். மாதம் ஒரு ஞாயிறு, அவர்களில் ஒருத்தியான செண்பகவல்லியின் அம்மா, வேலை பார்க்கும் திருப்பூரிலிருந்து வந்து இறங்குவது அங்கேதான். செண்பகவல்லியே திட்டத்தைப் பஞ்சாயத்து அலுவலக அதிகாரியிடம் நீட்டினாள்.

“தாகம்னு எழுதினா போதுமா பாப்பா? எவ்வளவு தாகம்? அளந்து கொண்டா!” என்று அரைமணி நேரம் அதட்டியவர், “யாருப்பா அங்கே, தண்ணி!” என்றார்.

“குறிச்சுக்கிட்டேன் சார். ஃபேனுக்கு அடியில அரைமணிக்கு ஒரு தம்ளர். வெயில்ல ரெண்டு மணி நேரம் நிக்கிறவங்களுக்கு நீங்களே கணக்குப் போடுங்க” என்றாள் செண்பகவல்லி.

குமாஸ்தாக்கள் சிரித்துவிட்டார்கள். அதிகாரி கையெழுத்திட்டார். “நாளைக்கே பந்தல் போடுங்க. ஞாயிற்றுக்கிழமை டவுன்ல விழா. இந்தத் திட்டத்துக்குப் பரிசு வாங்க வந்துடு.”

அது அம்மா வரும் ஞாயிறு.

செண்பகவல்லி விழாவுக்குப் போகவில்லை. தம்ளரில் தண்ணீரோடு, அம்மாவின் பஸ் வரும் திசையைப் பார்த்தபடி பந்தலில் நின்றாள்.